நீச்சல் பூல் உள்ள வீடா, கம்யூனிட்டி பூலா, பூலே வேண்டாமா? ஃபீனிக்ஸ் புறநகரில் சிறு பிள்ளைகளோடு வீடு தேடுபவர்களுக்கு

அரிசோனாவில் ஃபீனிக்ஸை ஒட்டிய சாண்ட்லர், கில்பர்ட் பக்கம் வீடு பார்க்கும் தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் முதலில் கேட்பது பள்ளிக்கூடத்தைப் பற்றி. அடுத்த கேள்வி பூல். பள்ளிக்கூடங்களுக்கு இணையத்தில் யாரோ மதிப்பெண் போட்டு வைத்திருக்கிறார்கள், பார்த்துக்கொள்ளலாம். பூலுக்கு அப்படி எதுவும் கிடையாது. கணவர் வேண்டும் என்பார், மனைவி பயப்படுவார், ஊரிலிருந்து வரப்போகும் பெரியவர்கள் "வீட்டுக்குள்ளேயே குளமா!" என்று போனில் பூரிப்பார்கள். வீடு விற்கும் ஏஜென்ட், பின்கதவைத் திறந்து அந்த நீலத் தண்ணீரைக் காட்டிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் நிற்பார். அதிலேயே பாதிப் பேர் விழுந்துவிடுகிறார்கள்.

நாங்கள் இங்கே வந்து ஆறு வருடம். முதல் இரண்டு வருடம் பூல் இருந்த வாடகை வீடு. அடுத்து ஒரு வருடம் எதுவும் இல்லாத வீடு. இப்போது சொந்த வீடு, தெருக்கோடியில் கம்யூனிட்டி பூல், அதாவது குடியிருப்புக்கே பொதுவானது. பெண்ணுக்கு ஏழு வயது, பையனுக்கு நாலு. மூன்றிலும் குப்பை கொட்டியவள் என்ற முறையில் எழுதுகிறேன்.

எதை வைத்து முடிவெடுப்பது

முதலில் வெயிலின் நாட்காட்டி. 2023ல் 31 நாள் தொடர்ச்சியாக 110 ஃபாரன்ஹீட்டைத் தொட்டது, அதாவது 43 செல்சியஸுக்கு மேல். 2024ல் வெயில் 100ஐத் தொடாத ஒரு நாள்கூட இல்லாமல் 113 நாள் ஓடியது. இதைப் பள்ளி நாட்காட்டியோடு சேர்த்துப் பாருங்கள். இங்கே கோடை விடுமுறை மே கடைசியில் தொடங்கி ஜூலை மூன்றாவது வாரத்தை ஒட்டி முடிந்துவிடும். வெயில் முடிய அக்டோபர் ஆகும். ஆக, பிள்ளைகள் பள்ளியிலிருந்து திரும்பி, வெளியே விளையாட முடியாமல் சோபாவில் குதித்துக்கொண்டிருக்கும் மாலைகள் இரண்டரை மாதம் இருக்கின்றன. விடுமுறையை மட்டும் மனதில் வைத்துக் கணக்குப் போடுபவர்கள் இந்த மாலைகளை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்பவர் யார், அவருக்கு நீந்தத் தெரியுமா என்பது.

மூன்றாவதுதான் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியம்: குளிக்காத நேரத்தில் பிள்ளைக்கும் தண்ணீருக்கும் நடுவில் என்ன இருக்கிறது? அமெரிக்காவில் 1 முதல் 4 வயது வரையிலான குழந்தைகளின் மரணத்துக்கு முதல் காரணம் தண்ணீரில் மூழ்குவது. அதிலும் பெரும்பாலான பிள்ளைகள், பூல் பக்கம் இருப்பார்கள் என்று யாரும் நினைக்காத நேரத்தில் போனவர்கள். நீச்சல் உடையோடு இறங்கும்போது நாலு கண் பார்த்துக்கொண்டிருக்கும். ரசம் கொதிக்கும்போது, ஆபீஸ் அழைப்பு வரும்போது, அமேசான் பெட்டி வாசலில் விழும்போது யார் பார்ப்பது?

அப்புறம் பணம். கோடைச் செலவை மட்டும் போடாமல் பன்னிரண்டு மாதத்துக்கும் போட வேண்டும். கடைசியாக உங்கள் சோம்பல். சிரிக்காதீர்கள். 43 டிகிரியில் இரண்டு பிள்ளைகளுக்கு சன்ஸ்கிரீன் தடவி, துண்டு, தண்ணீர் பாட்டில், மாற்றுத்துணி எடுத்து, காரில் ஏற்றி, சூடேறிய பெல்ட் கொக்கி தொடையில் படாமல் பூட்டி, வாரத்துக்கு எத்தனை நாள் கிளம்புவீர்கள்?

| | சொந்த பூல் | கம்யூனிட்டி பூல் | பூல் இல்லாமல், நகராட்சி பூல் |
|---|---|---|---|
| வேலி | நீங்கள் போட வேண்டும் | உண்டு, ஆனால் கேட்டுக்குக் கல் முட்டுக் கொடுப்பவர்களும் உண்டு | வீட்டில் தண்ணீரே இல்லை |
| லைஃப்கார்டு (மூழ்குபவரைக் காப்பாற்றும் காவலர்) | இல்லை | இல்லை | உண்டு |
| எப்போது | மே முதல் அக்டோபர் தொடக்கம் வரை, நினைத்த நேரம் | அதே மாதங்கள், விதித்த நேரம் | மே கடைசி முதல் பள்ளி திறக்கும் வரை, பிறகு பெரும்பாலும் வார இறுதி |
| தெரிந்த செலவு | பராமரிப்பு, மின்சாரம், குளோரின் | ஹெச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) கட்டணத்திலேயே | தலைக்குச் சில டாலர் |
| தெரியாத செலவு | வேலி, பூச்சு, காப்பீடு, தண்ணீர் | விருந்தாளிக் கட்டுப்பாடு, திடீர் மூடல் | பெட்ரோல், நேரம் |
| ஆவணி மாலை | இதற்குத்தான் பணம் | நடக்கும் தூரமானால் சரி | திண்டாட்டம் |

சொந்த பூல்

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாலை ஆறு மணி, பள்ளிப் பை வாசலில் கிடக்கிறது, அடுத்த நிமிடம் பிள்ளை தண்ணீரில். முக்கால் மணி நேரம் கழித்துத் துவட்டிவிட்டால் தயிர் சாதத்தை வாய் பேசாமல் சாப்பிட்டுவிட்டு எட்டரைக்குத் தூக்கம். இந்தச் சுகத்தை மற்ற இரண்டும் தராது.

ஆனால் தண்ணீர் ஜில்லென்று இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். நிழல் இல்லாத பூல் ஜூலை, ஆகஸ்டில் 32 டிகிரிக்கு மேல் போகும், வெந்நீர் அண்டாவில் இறங்கிய மாதிரி. வீடு பார்க்கும்போது கொல்லைப்புறம் எந்தத் திசையில் இருக்கிறது என்று போனில் திசைகாட்டி வைத்துப் பாருங்கள். கிழக்குப் பார்த்த கொல்லை என்றால் பிற்பகலில் வீட்டின் நிழலே பூல் மேல் விழும். மேற்கு என்றால், நீங்கள் குளிக்க நினைக்கும் நேரம் முழுவதும் வெயில் நேராக அடிக்கும். ஏஜென்ட் காலை பத்து மணிக்குக் கூட்டிப்போனால் இது தெரியவே தெரியாது.

செலவுக்கு வருவோம். எங்கள் பக்கம் வாரம் ஒருமுறை வந்து சுத்தம் செய்பவருக்கு மாதம் நூற்று இருபது, நூற்றைம்பது டாலர் கேட்கிறார்கள். பம்பு குளிர்காலத்திலும் ஓட வேண்டும். நவம்பர் முதல் மார்ச் வரை சூடாக்காத தண்ணீரில் கால்கூட வைக்க முடியாது, ஆனால் பில் வரும். வருடத்துக்குச் சுமார் 6 அடித் தண்ணீர் ஆவியாகப் போகிறது. 400 சதுர அடி பூல் என்றால் அது கிட்டத்தட்ட 68,000 லிட்டர், அந்தப் பூல் கொள்ளும் அளவை ஒட்டி வந்துவிடும். கொலராடோ ஆற்றுத் தண்ணீரில் அரிசோனாவின் பங்கை 2022 முதல் வெட்டியிருக்கிறார்கள். ஊரில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்தவளுக்கு, அந்த மீட்டரைப் பார்க்கும்போது வேறு மாதிரி உறுத்தும்.

தண்ணீர் ஆவியானாலும் உப்பு போகாது. பூல் ஓரத்து டைல்ஸில் வெள்ளைக் கோடு கட்டும். சில வருடத்துக்கு ஒருமுறை முழுத் தண்ணீரையும் இறைத்து மாற்ற வேண்டும், அதையும் கோடையில் செய்யக்கூடாது, காய்ந்த பூச்சு வெடிக்கும். உள்பூச்சையே பத்துப் பதினைந்து வருடத்தில் புதுப்பிக்க நேரும். அதற்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆகலாம். வீட்டுக் காப்பீட்டில், யாருக்காவது விபத்து நேர்ந்தால் கொடுக்கும் பொறுப்புத் தொகையை உயர்த்தச் சொல்வார்கள். ஏப்ரலில் பாலோ வெர்டே மரம் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து மொத்தத்தையும் தண்ணீரில் கொட்டும். அழகாக இருக்கிறது என்று படம் எடுத்துவிட்டு, பிறகு மிதக்கும் குப்பை சேரும் ஸ்கிம்மர் கூடையைக் கழற்றுங்கள், உள்ளே தேள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையை விடுங்கள். ஜூலையில் புழுதிப்புயல் ஒன்று அடித்தால் மறுநாள் காலை டீ நிறத்தில் குளம். ஆசையாக வைத்த முருங்கையும் சேர்ந்துகொள்ளும். இந்த ஊர் வெயிலுக்கு அது பேயாக வளர்கிறது, அதன் பொடி இலை ஃபில்டரை அடைக்கிற மாதிரி வேறெதுவும் அடைக்காது.

இதெல்லாம் பணத்தோடு போகிற விஷயம். வேலி அப்படியில்லை. அரிசோனா சட்டப்படி, 6 வயதுக்குக் கீழ் பிள்ளை இருக்கும் வீட்டில் பூலுக்கு அடைப்பு கட்டாயம். வெளிச்சுவர் குறைந்தது 5 அடி, கேட் தானாகச் சாத்தித் தானாகத் தாழிட்டுக்கொள்ள வேண்டும், பூலை விட்டு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். வீடே ஒரு பக்கத்தை அடைக்கிறது என்றால், வீட்டுக்கும் பூலுக்கும் நடுவில் வேலி போடலாம், அல்லது பூலுக்கு மோட்டாரில் ஓடும் மூடி போடலாம், அல்லது தானாகத் தாழிடும் கதவு வைக்கலாம் என்று சட்டம் இடம் கொடுக்கிறது. அந்த இரண்டு "அல்லது"களையும் காதில் வாங்காதீர்கள். நான்கு பக்கமும் சுற்றிய வேலி, வீட்டை ஒரு பக்கமாக விட்ட மூன்று பக்க அடைப்பைவிட மூழ்கும் அபாயத்தை 83 சதவீதம் குறைக்கிறது என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. கழற்றி மாட்டும் வலை வேலி போதும். எங்களுக்குச் சொன்ன விலை 2,000 டாலரை ஒட்டி வந்தது.

வேலி இருந்தும் என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். வாடகை வீட்டில் நல்ல வலை வேலி, பின்கதவில் அலாரம் எல்லாம் இருந்தன. மாமியார் ஆறு மாதம் வந்திருந்தார். கறிவேப்பிலைத் தொட்டி பூல் பக்கத்துச் சுவரோரம், வேலிக்கு உள்ளே இருந்தது, அங்கேதான் அதற்கு நிழல். கேட் தாழ் என் கழுத்து உயரம். அத்தை என்னைவிடக் குள்ளம். ஒரு கையில் தட்டை வைத்துக்கொண்டு அதை இழுத்துத் திறப்பது அவருக்கு ஒவ்வொரு நாளும் போராட்டம். அதனால் பூவாளியை கேட்டுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமாகிவிட்டது. அவர் துணி காயப்போட, இலை பறிக்க என்று போகவர அலாரம் கத்திக்கொண்டே இருந்ததால் அதை நான் அணைத்து வைத்திருந்தேன்.

அன்று நான் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டுச் சமையலறை ஜன்னல் தெருவைப் பார்த்தது. அத்தை உள்ளே வந்து இலையை உருவ ஆரம்பித்தார்.

"பாப்பா எங்கே அத்தை?"

"உன்கூடத்தானேம்மா இருந்தா?"

பெண் பூலின் முதல் படியில் நின்றுகொண்டிருந்தாள். கணுக்கால் வரை தண்ணீர். கையில் எவர்சில்வர் டம்ளர், குனிந்து குனிந்து மொண்டு படியில் ஊற்றிக்கொண்டிருந்தாள். அடுத்த படி அவள் இடுப்பு ஆழம், அதற்கடுத்தது தலைக்கு மேல். ஒரு சத்தமும் இல்லை. இரண்டு வயது அப்போது.

"ரெண்டு இலை கிள்ளத்தானே போனேன்" என்று அத்தை அன்று ராத்திரி வரை சொல்லிக்கொண்டே இருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அலாரத்தை அணைத்தது நான்.

சொந்த பூல் யாருக்குச் சரி என்றால், கடைக்குட்டிக்கு ஆறு வயது தாண்டி நன்றாக நீந்தத் தெரிந்த வீட்டுக்கு. அல்லது பெரியவர்கள் இருவருக்கும் நீந்தத் தெரிந்து, வேலியில் ஒரு டாலரும் மிச்சம் பிடிக்காத வீட்டுக்கு. கைக்குழந்தையோடு, இருவரும் வேலைக்குப் போய், நீந்தத் தெரியாத தாத்தா பாட்டி பார்த்துக்கொள்ளும் வீட்டுக்கு வேண்டாம் என்பேன். பூல் இருப்பதால் வீட்டு விலை குறைகிறது, அப்புறம் மூடிக்கொள்ளலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். மண் அடித்து மூடுவதற்கும் பல ஆயிரம் ஆகும், விலை கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

கம்யூனிட்டி பூல்

ஹெச்ஓஏ மாதக் கட்டணத்திலேயே எல்லாம் அடங்கிவிடும். புழுதிப்புயல் அடித்தால் யாரோ வந்து சுத்தம் செய்வார்கள், நீங்கள் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்க்கலாம். பெரிய லாபம், பிள்ளை தானாகக் கதவைத் திறந்து போய்ச் சேருகிற தூரத்தில் தண்ணீர் இல்லை.

தூரத்தைக் காலால் அளந்து பாருங்கள், வரைபடத்தில் வேண்டாம். ஐந்து நிமிட நடைதான் எங்களுக்கு, ஆனால் ஆகஸ்ட் மாலை ஐந்து மணிக்குத் தார்ரோடு தோலைப் பொசுக்கும். இங்கேயுள்ள தீக்காய மருத்துவமனைக்குக் கோடைதோறும் தரையில் விழுந்து வெந்துபோனவர்கள் வருகிறார்கள். திரும்பும்போது செருப்பை பூலிலேயே விட்டுவிட்டு வந்த பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்திருக்கிறேன். ஆறரைக்கு மேல்தான் நடை, அதற்கு முன் கார்.

சில கட்டுப்பாடுகள் வீடு வாங்கிய பிறகுதான் தெரியும். ஒரு வீட்டுக்கு இத்தனை விருந்தாளிதான் என்பார்கள், டல்லாஸிலிருந்து தம்பி குடும்பம் வரும்போது உதைக்கும். ஏதாவது ஒரு குழந்தை தண்ணீரில் அசிங்கம் செய்துவிட்டால் மருந்து போட்டு மூடிவிடுவார்கள், அதுவும் சனிக்கிழமையாகப் பார்த்து நடக்கும். வாங்குவதற்கு முன் ஹெச்ஓஏ விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்கி பூல் பக்கத்தை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

எனக்கு இங்கே பயம் பிறந்தநாள் விழாக்களில்தான். லைஃப்கார்டு கிடையாது. பன்னிரண்டு பெரியவர்கள், இருபது பிள்ளைகள், ஒரு மூலையில் பிரியாணி டிரே. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று பேசிக்கொண்டிருப்பார்கள். மூழ்கும் பிள்ளை கத்தாது, கையை ஆட்டாது. நாங்கள் இப்போது ஒரு பழைய ஆபீஸ் அடையாள அட்டைக் கயிற்றை வைத்திருக்கிறோம். அது யார் கழுத்தில் இருக்கிறதோ அவர் கால் மணி நேரத்துக்குப் போனைத் தொடக்கூடாது, சாப்பிடக்கூடாது, தண்ணீரைத் தவிர எதையும் பார்க்கக்கூடாது. நேரம் முடிந்ததும் கயிறு அடுத்தவருக்கு. முதல் விழாவில் சிரித்தார்கள். இப்போது அவர்களே "கயிறு எங்கே?" என்று கேட்கிறார்கள்.

சாண்ட்லரின் ஆக்கட்டிலோ பக்கத்தைப் போல ஏரி வெட்டிய குடியிருப்புகளைப் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. "பூல் வேண்டாம், ஆபத்து" என்று சொல்லிவிட்டு ஏரிக்கரை வீட்டை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். ஏரிக்கு வேலி கிடையாது.

பூல் இல்லாத வீடு

மாதக் கணக்கில் இதுதான் மலிவு, இரவில் நிம்மதியான தூக்கமும் இதில்தான். சாண்ட்லரில் மட்டும் ஆறு நகராட்சி நீச்சல் வளாகங்கள் இருக்கின்றன. கணுக்கால் ஆழத்தில் தொடங்கும் இடம், சறுக்கு, நிழல்கூரை, லைஃப்கார்டு எல்லாம் உண்டு, நுழைவுக் கட்டணம் சில டாலர். மெஸ்கீட் குரோவ்ஸ் வளாகத்தில் டியூபில் மிதந்து சுற்றி வரும் ஓடையும் இருக்கிறது, எங்கள் பிள்ளைகள் இன்னும் அதையே கேட்கிறார்கள். தண்ணீர் தரையிலிருந்து பீய்ச்சும் ஸ்பிளாஷ் பேடு காசில்லாமலே கிடைக்கிறது. கில்பர்ட் பழைய ஊரின் தண்ணீர்க் கோபுரத்தடியில் இருப்பது இரண்டு வயதுக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஓட்டை எங்கே என்றால், லைஃப்கார்டுகளில் நிறையப் பேர் உயர்நிலைப்பள்ளிப் பிள்ளைகள். பள்ளி திறந்ததும் வளாகங்களும் வார இறுதிக்குச் சுருங்கிவிடும். ஆகஸ்ட், செப்டம்பர் மாலைகளுக்கு நீங்கள் நூலகத்தையும் ஷாப்பிங் மாலையும்தான் நம்ப வேண்டும். அந்த ஒரு வருடம் நாங்கள் ஷாப்பிங் மால் ஏசியில் வண்டி தள்ளிக்கொண்டு சுற்றிய தூரம் கொஞ்சமில்லை. பூலில் மிச்சமான பணத்தில் ஒரு பகுதி தேவையில்லாத பொம்மையாக வீடு வந்து சேர்ந்தது.

கொல்லையில் காற்றடைத்த குளம் வைத்துச் சமாளிக்கலாம் என்று தோன்றும். ஒரு சாண் ஆழக் குட்டிக் குளம் சரி, குளித்து முடித்த கையோடு கவிழ்த்துவிட வேண்டும். 18 அங்குல ஆழமும் 8 அடி அகலமும் தாண்டினால் மேலே சொன்ன அதே வேலிச் சட்டம் அதற்கும்தான். ரப்பர் குழாயைத் திறந்ததும் பிள்ளை மேல் பீய்ச்சாதீர்கள். வெயிலில் கிடந்த குழாயில் முதலில் வருவது கொதிநீர், சில நிமிடம் செடிக்கு விட்டுவிட்டுக் கையில் பட்டுப் பார்க்கவும்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும், இரண்டு மூன்று வருடத்தில் ஊர் மாறக்கூடியவர்களுக்கும் இதுவே போதும்.

எதை எடுத்தாலும்

நீச்சல் வகுப்புச் செலவு மூன்றிலும் ஒன்றுதான். ஒரு வயதிலிருந்தே வகுப்பில் சேர்க்கலாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் சொல்கிறது. வீட்டில் பூல் இல்லையே என்று தள்ளிப் போடாதீர்கள், இந்த ஊரில் உங்கள் பிள்ளை போகும் நண்பர்கள் வீட்டிலெல்லாம் பூல் இருக்கும். நகராட்சி வகுப்பு மலிவு, பதிவு திறந்ததும் தீர்ந்துவிடும். தனியார் நீச்சல் பள்ளி வருடம் முழுவதும் வெதுவெதுப்பான தண்ணீரில் நடக்கும், மாதம் நூறு டாலருக்கு மேல். நான் முப்பத்தொரு வயதில் என் பெண்ணோடு சேர்ந்து கற்றுக்கொண்டேன். பக்கத்து வரிசையில் மூன்று வயதுப் பொடிசுகள் என்னைத் தாண்டிப் போனார்கள், போகட்டும்.

எங்கள் வீட்டில் இன்னும் பேச்சு ஓய்ந்தபாடில்லை. கணவர் பூல் கட்டும் ஆட்களிடம் விலை கேட்டு வைத்திருக்கிறார். பையனுக்கு ஏழு முடியட்டும், சட்டையும் ஷூவும் போட்டபடி தள்ளிவிட்டாலும் மல்லாந்து மிதந்து சுவரைப் பிடிக்கட்டும், அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஏற்கெனவே பூல் வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? சாமான் லாரிக்கு முன்னால் வேலிக்காரர் வரட்டும். முழங்கால் போட்டுப் பிள்ளையின் உயரத்தில் வீட்டைச் சுற்றி வாருங்கள். முந்தைய குடும்பம் நாய்க்கு வைத்த குட்டிக் கதவு உங்கள் பிள்ளைக்கும் அளவாகத்தான் இருக்கும், அதைத் திருகு போட்டு அடையுங்கள். வேலியோரம் நாற்காலி வேண்டாம், உள்ளே பொம்மை மிதக்க விட வேண்டாம். கறிவேப்பிலைத் தொட்டியை வீட்டுப் பக்கவாட்டுச் சந்துக்கு மாற்றிவிடுங்கள். அங்கே மதியத்துக்கு மேல் நிழல் விழும், செடிக்கும் நல்லது.